பெராட்டில் நெய்யில்லாச் சோறு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நியூ ஜெர்சி மாநிலம் வெஸ்ட் வின்ட்சரில் வசிப்பவரும், மருந்துக் கம்பெனி ஒன்றில் சீனியர் டைரக்டரும், வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியின் முன்னாள் முதல்வரும், வீட்டு உரிமையாளர் சங்கத் தேர்தலில் இருமுறை நின்று இருமுறையும் தோற்றவருமான திருவாளர் மகாதேவன் அவர்கள், அல்பேனியா தேசத்துப் பெராட் என்னும் புராதன ஊரில் பால், நெய்கூடச் சேராத வீகன் உணவு கிடைக்குமா என்று மனித குலம் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு விடை காணும் பொருட்டு, ஜூன் மாதம் பதினான்காம் தேதி நெவார்க் விமான நிலையத்திலிருந்து மனைவி, மகள், மைத்துனன் சகிதம் புறப்பட்டார். மைத்துனன் நான்.

இந்த அறிவிப்பு முழுக்க என் கற்பனை இல்லை. ஏறக்குறைய இதே தோரணையில் ஏப்ரல் மாதமே, தன் வீட்டு பேஸ்மென்ட்டில் கூடியிருந்த பதினேழு பேர் முன்னால், கையில் பாதாம் பால் காபியுடன் நின்று என் அக்கா கணவர், அதாவது அத்திம்பேர், இதைச் செய்தார். எங்கள் வட்டாரத்தில் ஐஸ்லாந்து போகாதவர்கள் என்றால் விசாவில் சிக்கல் உள்ளவர்கள் மட்டும்தான். கோஸ்டா ரிகாவுக்கு எதிர்வீட்டு மணியனே போய்விட்டு வந்துவிட்டார். ஆகையால் யாரும் போகாத தேசம் ஒன்று அத்திம்பேருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. "அல்பேனியா" என்று அவர் சொன்னதும் சபை அமைதியானது. அது வியப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார். அது எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று எல்லோரும் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இது வெறும் டூரிஸம் இல்லை. நாங்க ஒரு வீகன் ஃபேமிலி. ஒரு சின்ன ஹிஸ்டாரிக் டவுன்ல ஒரு வீகன் ஃபேமிலி சர்வைவ் பண்ண முடியுமா? அதை நான் டாகுமென்ட் பண்ணப் போறேன். வந்து ஒரு பிரசன்டேஷன் தரேன்."

"தயிர் இல்லாம எப்படி சார் இருக்கேள்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"மைண்ட்செட்," என்று அத்திம்பேர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அந்த நெற்றிக்குக் கீழே இருந்த வாய் அன்று காலைதான் எடிசனில் என்னோடு உட்கார்ந்து நெய் ரோஸ்ட் சாப்பிட்டிருந்தது.

அந்த வீட்டில் உண்மையான வீகன் ஒரே ஒருத்திதான். ஹம்சா, என் அக்கா பெண். கல்லூரி இரண்டாம் வருடத்தில், இருபது வயதில், ஒரு விடுமுறைக்கு வந்தவள் பாலை விட்டுவிட்டேன் என்றாள். எங்கள் குடும்பத்தில் மாமிசம் எந்தக் காலத்திலும் கிடையாது. அதையே ஒரு பெரிய கிரீடமாகத் தலையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் நாங்கள். பாலும் அந்தக் கணக்கில் சேர்த்திதான் என்று ஒரு பெண் வந்து கிரீடத்தைத் தட்டிவிட்டால் எப்படி இருக்கும்? என் அக்கா அனந்தலக்ஷ்மி, "மோர் கூடவாடி?" என்று கேட்டு அழுதாள். அத்திம்பேர், "அப்போ கிருஷ்ணன் என்ன மடையனா?" என்று தொடங்கி ஒன்றரை மணி நேரம் பேசினார். ஹம்சா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பதினோரு மாதம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

திரும்பி வந்தபோது ஒரே ஒரு நிபந்தனையோடு வந்தாள். ஹம்சாவுக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். "யூ டோன்ட் ஹாவ் டு அக்ரீ வித் மீ. ஜஸ்ட் டோன்ட் லை டு மீ." ஒத்துக்கொள்ள வேண்டாம், பொய் சொல்லாதீர்கள். அவ்வளவுதான். தனி வாணலி, தனிக் கரண்டி, கைப்பிடியில் பச்சை டேப். அக்கா தலையாட்டினாள். அன்று நானும் அங்கே இருந்தேன். பெண் எலும்பும் தோலுமாக இருந்தாள், தலைமுடி சீப்போடு வந்தது. அவள் மாடிக்குக் குளிக்கப் போனதும், பச்சை டேப் ஒட்டிய வாணலியில் பருப்பு உசிலி வதங்கிக்கொண்டிருந்தபோது, அக்கா சுவாமி அலமாரியைத் திறந்து விளக்குக்கு வைத்திருந்த நெய்ப் புட்டியை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். "ஒரு ஸ்பூன்டா. உடம்பு தேறட்டும்" என்றாள். நான் தட்டு எடுத்து வைத்தேன். ஹம்சா வந்து உட்கார்ந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். "அம்மா, திஸ் இஸ் வீகன்?" என்று கண்ணை அகலமாக்கிக் கேட்டாள். அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே ஆமாம் என்றாள்.

சுவாமிக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தாள் ஹம்சா. விளக்கு நெய்யில் எரியட்டும், காட் இஸ் நாட் வீகன் என்று சொல்லிச் சிரித்திருந்தாள். அதற்கப்புறம் ஆறு வருடங்கள். அந்த ஒற்றைத் திரி விளக்கு அந்த ஆறு வருடத்தில் குடித்ததாகச் சொல்லப்படும் நெய்க்கு ஒரு யாகமே நடத்தியிருக்கலாம். ஹம்சா ஜெர்சி சிட்டியில் வேலைக்குப் போனபின் மாதம் ஒரு முறை ஃப்ரீசர் டப்பாக்கள் போயின. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கறிவேப்பிலைப் பொடி எல்லாம் நெய்யில் வறுத்தவை. என் அம்மா சமைக்கிற வீகன் சாப்பாட்டை உலகத்தில் யாராலும் சமைக்க முடியாது என்று அவள் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது உண்மைதான். யாராலும் முடியாது.

அத்திம்பேருக்கு இது தெரியும். அவர் வீகனானது பிற்பாடு, கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் ஒன்றும், வீகனான ஒரு வைஸ் பிரசிடென்ட்டும் ஒரே வாரத்தில் அவர் வாழ்க்கையில் நுழைந்த பிறகு. அவருடைய வீகனிஸம் பொது இடங்களுக்கானது, கோட் சூட் மாதிரி.

இப்போது விஷயத்தின் முடிச்சுக்கு வருகிறேன். ஹம்சாவுக்குக் கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்திருந்தது. அங்கே டப்ளின் என்ற ஊரில் இரண்டு பெட்ரூம் வீடு பார்த்துவிட்டாள். ஆகஸ்டில் போகிறாள். மே மாதம் ஒரு சனிக்கிழமை, பிரிட்ஜ்வாட்டர் கோயில் பார்க்கிங்கில், செருப்பைக் கையில் பிடித்தபடி அக்கா என்னிடம் சொன்னாள். "ஒரு ரூம் உனக்கு, அம்மான்னு சொல்லிட்டா. நான் போறேன்டா, கிரீஷ்."

"எத்தனை நாளைக்கு?"

"ரிட்டர்ன் டிக்கெட் போடலை."

நான் காரைத் திறக்காமல் நின்றேன். அத்திம்பேர் அடிக்கிறவரோ குடிக்கிறவரோ இல்லை. அப்படி இருந்தால் நாலு பேரிடம் சொல்லியாவது அழலாம். முப்பது வருடமாக அக்கா அவர் வீட்டில் ஆடியன்ஸ், அவ்வளவுதான். சாப்பாட்டு மேஜையில், காரில், படுக்கையில், அவர் அறிவிப்பார், இவள் கேட்பாள். இவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "ஒரு நிமிஷம், நான் முடிச்சுக்கறேன்" என்பார். அந்த நிமிஷம் முப்பது வருடமாக முடியவில்லை. டவுன்ஷிப் லைப்ரரியில் வேலை பார்க்கிறவள், ஜூன் கடைசியோடு நின்றுகொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். அத்திம்பேரிடம் இன்னும் சொல்லவில்லை.

"அவளுக்கு என் சமையல் போதும்டா. எனக்கு அவ வாயைத் திறந்து பேசினா போதும்."

"அந்த நெய்?"

அக்கா செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள். "அங்க போய் நிறுத்திடுவேன்."

பெராட் அழகான ஊர். மலைச்சரிவில் வெள்ளை வெள்ளையாக வீடுகள், ஒன்றின் தலைமேல் ஒன்றாக, எல்லா வீடுகளும் ஜன்னல்களாலேயே கட்டப்பட்டது போல. கீழே ஆறு, மேலே கோட்டை. கோட்டைக்குள்ளே இன்னமும் ஜனங்கள் குடியிருந்து துணி உலர்த்துகிறார்கள். அத்திம்பேர் இவற்றைப் பார்க்கவில்லை. அவர் கையில் அட்டைகள் இருந்தன. "நாங்கள் வீகன். இறைச்சி, மீன், முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, தேன் உண்ணமாட்டோம்" என்று அல்பேனிய மொழியில் அச்சடித்து, ஆபீசில் லாமினேட் செய்து, இருபது பிரதி கொண்டுவந்திருந்தார். முதல் ஹோட்டலில் அதை வாங்கிய சர்வர், மரண அறிவித்தல் படிப்பவன் போலப் படித்தான். உள்ளே போய் இன்னொருவனிடம் காட்டினான். இருவரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு உப்பில்லாத வெறும் சோறும் எலுமிச்சம்பழமும் வந்தன. வயிற்றுக் கடுப்புக்கு அந்த ஊரில் அதுதான் பத்தியம் போலிருக்கிறது. இரண்டாவது ஹோட்டலில் அவரை அடுப்படிக்கே அழைத்துப் போய் எண்ணெய் டின்னைக் காட்டினார்கள். அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். மூன்றாவதில் பீன்ஸ் சூப், சுட்ட கத்தரிக்காய், ஆலிவ், ரொட்டி, தக்காளி எல்லாம் கண்ணாடி வழியாகவே தெரிந்தது. "பீன்ஸை எதுல வேக வெச்சான்னு தெரியுமா? எலும்புத் தண்ணியா இருக்கலாம். ரிஸ்க் எடுக்க முடியாது" என்று எங்களை வெளியே கிளப்பினார். அந்த ஊரில் உணவுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் இருந்தால்தான் பிரசன்டேஷன்.

ஹம்சா அப்பாவோடு சண்டை போடுவதை எப்போதோ விட்டிருந்தாள். அம்மாவின் பொடியை ரொட்டிக்குள் தூவி மடித்து, தெருவில் நின்றபடியே சாப்பிட்டாள். "தேங்க் காட் ஃபார் அம்மா," என்றாள். அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் தங்கிய வீடு கோட்டைக்கு ஏறும் சந்தில் இருந்தது. உருண்டைக் கற்கள் பாவிய செங்குத்தான சந்து. பெட்டி உருட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும். வீட்டுக்காரி பெயர் ட்ரிட்டா. ஐம்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, எப்போதும் ஈரமான கைகள். ஆங்கிலம் நாலு வார்த்தைதான். அத்திம்பேர் தந்த அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு எங்களைக் கவலையோடு பார்த்து ஏதோ கேட்டாள். ஹம்சா தன் ஃபோனில் மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து நீட்டினாள். அம்மாவும் நேரே பேசட்டும் என்று தமிழில் வைத்திருந்தாள். ஃபோன் செய்தி வாசிக்கும் குரலில், "உங்கள் குடும்பத்தில் யார் இறந்தார்கள்?" என்றது.

யாரும் இறக்கவில்லை என்று விளக்கினோம். ட்ரிட்டாவின் முகம் தெளிந்தது. "இது எங்கள் தவக்கால உணவுதான். நாற்பது நாள் நாங்கள் இப்படிச் சாப்பிடுகிறோம். உட்காருங்கள்" என்றது ஃபோன். அத்திம்பேர் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் உட்கார்ந்தார்.

அன்று மதியம் அரிசி அடைத்த குடைமிளகாய், பீன்ஸ், ஊறுகாய், ஒரு பெரிய தாம்பாளத்தில் ஆவி பறக்கும் சோறு எல்லாம் வந்தன. எல்லோரும் பரிமாறிக்கொண்டோம். ஹம்சா ஸ்பூனை வாயருகே கொண்டுபோன சமயம் ட்ரிட்டா உள்ளேயிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது. ஃபோனில் பேசினாள். "மன்னியுங்கள். சோற்றில் வெண்ணெய் போட்டுவிட்டேன். என் கை பழக்கத்தில் செய்துவிட்டது. என் மூளை இப்போதுதான் சொன்னது."

அத்திம்பேர் அதற்குள் நாலு வாய் உள்ளே தள்ளியிருந்தார். "இட்ஸ் ஓகே, இட்ஸ் ஓகே. தெரியாமப் பண்ணினது பரவாயில்லைன்னு சொல்லு" என்றார். ட்ரிட்டா கேட்கவில்லை. நாலு தட்டையும் அடுக்கினாள், அவர் தட்டையும் சேர்த்து. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். புதிதாக அரிசி கழுவும் சத்தம் கேட்டது.

ஹம்சாவின் கண் கலங்கியிருந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாம், எனக்குத் தெரியவே போவதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு மேஜைக்கு அடியில் கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். "உன்னை மாதிரிம்மா" என்றாள். அதை மட்டும் தமிழில்.

அக்கா எழுந்துவிட்டாள். "அவ தனியாப் பண்ணிண்டிருக்கா, கூட மாட ஒத்தாசை பண்றேன்" என்றாள். "டேக் மை ஃபோன்," என்று ஹம்சா ஃபோனைக் கையில் வைத்தாள். அத்திம்பேர் அன்றைய அனுபவங்களைத் தன் ஃபோனுக்கு உரக்கச் சொல்லிப் பதிவு செய்ய ஆரம்பித்திருந்ததால், தப்பிக்கிற எண்ணத்தில் நானும் பின்னாலேயே போனேன்.

சின்ன அடுப்படி. என் கையில் பூண்டைத் தந்து உரிக்கச் சொன்னார்கள். அக்கா வெங்காயம் நறுக்கினாள். ட்ரிட்டா கழுவிய அரிசியை அடுப்பில் ஏற்றினாள். பிறகு அக்கா கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஃபோனை வாயருகே வைத்து, கோயிலில் அர்ச்சகரிடம் நட்சத்திரம் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"என் பொண்ணுக்குத் தெரியாது. ஆறு வருஷமா அவ சாப்பாட்டுல நெய் விட்டுண்டிருக்கேன்."

ஃபோன் அதை அல்பேனிய மொழியில் சொன்னது. ட்ரிட்டா அடுப்பைத் தணித்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்?" என்றது ஃபோன்.

"இளைச்சுப்போய் வந்தா. முடி கொட்டித்து."

"இப்போது அவள் இளைத்தா இருக்கிறாள்?"

"இல்லை."

"பின் ஏன்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பூண்டைப் பார்த்தேன். "அவ ருசிச்சுச் சாப்பிடணும்," என்றாள் அக்கா. "அவ ஆத்துக்கு வரதே அதுக்குத்தான். என்கிட்ட வேற என்ன இருக்கு?"

ட்ரிட்டா கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாள். தாயுள்ளம், போகட்டும் என்று ஏதாவது சொல்வாள் என அக்கா எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். நாமெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம், தாய் என்று சொன்னால் பாதிப் பாவம் கழிந்துவிடும். ட்ரிட்டா அரிசியைக் கிளறிவிட்டு, ஃபோனைப் பார்த்து இரண்டே வாக்கியம் சொன்னாள். செய்தி வாசிக்கும் குரல் சொன்னது: "உணவு உங்களுடையது. வாய் அவளுடையது."

"ஆகஸ்ட்ல அவளோடயே போயிடறேன்," என்றாள் அக்கா அவசரமாக, ஃபோன் கேட்டு முடிப்பதற்குள் ட்ரிட்டாவை எப்படியாவது தன் பக்கம் இழுத்துவிடுகிற மாதிரி. "இவரை விட்டுட்டுப் போறேன். அங்க போனதும் நெய்யை நிறுத்திடுவேன். சத்தியமா."

ட்ரிட்டா அவள் தோளைத் தட்டினாள். சோறு தயாராகிவிட்டது. ஃபோனை அக்கா முந்தானையில் துடைத்து ஹம்சாவிடம் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஆப், பேசியதையெல்லாம் வரி வரியாக எழுதியும் வைத்துக்கொள்ளும் என்பது அடுப்படியில் இருந்த மூவருக்கும் தோன்றவில்லை. நான் இருபத்தாறு வருடமாக டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன்.

மறுநாள் காலை மாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கீழே சந்தில் ஒரு கிழவர் கழுதையைத் திட்டிக்கொண்டு போனார். குடைமிளகாய்க்குள் என்ன வைத்தாள் என்று ட்ரிட்டாவிடம் கேட்க வேண்டும் என்று ஹம்சா ஃபோனை எடுத்தாள். திரையைப் பார்த்தவள், "ஓ, இட்ஸ் ஆல் இன் தமிழ்" என்றாள். உதட்டில் ஒரு சிரிப்பு. பத்து வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்குப் போனவள். எழுத்துக்கூட்டி, உரக்கத்தான் வாசிக்க வரும், வாயால் சொல்லிக் காதால் கேட்டால்தான் அர்த்தம் ஏறும். அவள் ஆரம்பித்ததைப் பார்த்ததும் அத்திம்பேர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "லௌடாப் படி கண்ணா! லௌடா!" என்று தன் ஃபோனை நீட்டிப் படம் பிடித்தார். "அல்பேனியாவுல உக்காந்துண்டு நம்ம ஸ்டூடன்ட் தமிழ் வாசிக்கறா பாருங்கோ!"

"என்... பொண்... ணுக்கு... தெ-ரி-யா-து," என்று வாசித்தாள் ஹம்சா. "ஆறு... வ-ரு-ஷ-மா... அவ... சாப்-பாட்-டுல..."

அக்கா எழுந்திருக்கவில்லை, கை நீட்டவில்லை. தட்டில் இருந்த ஆலிவ் கொட்டைகளை ஒரு ஓரமாகச் சேர்த்தாள்.

"நெய்," என்றாள் ஹம்சா. மறுபடி ஒருமுறை, "நெய்." அடுத்த சொல்லை அவள் வாசித்து முடித்தபோது குரல் தேய்ந்துவிட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாத்துலயுமா?" தமிழில் கேட்டாள்.

"ரசத்துல விடலை," என்றாள் அக்கா. சற்றுப் பொறுத்து, "தாளிக்கறப்போ மட்டும்" என்றாள்.

"நீ அனுப்பின பாக்ஸ் எல்லாம்?"

அக்கா ஒரு கொட்டையை மறுபடி நகர்த்தினாள். ஹம்சா யோசித்தாள். பிறகு மூக்கால் ஒரே ஒரு சிரிப்பு. "சாமி விளக்கு," என்றாள். "ஓ மை காட். சாமி விளக்கு." என் பக்கம் திரும்பினாள். "கிரீஷ் மாமா? யூ நியூ?" என் தலை ஆமாமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல் பக்கவாட்டில் ஒரு தினுசாக ஆடியது. அந்த ஆட்டத்தை அவள் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறாள்.

"லுக், ஒண்ணு புரிஞ்சுக்கணும்," என்று அத்திம்பேர் ஆரம்பித்தார், ஃபோனை இன்னும் இறக்காமல். "நெய்ங்கறது டெக்னிக்கலாப் பாலே இல்லை. காய்ச்சறப்போ மில்க் சாலிட்ஸ் எல்லாம் போயிடறது. சயன்டிஃபிக்காப் பார்த்தா..."

ஹம்சா அவரைக் கேட்கவில்லை. மீதியை வாசித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை தன் காதுக்கு மட்டும் கேட்கிற முணுமுணுப்பில், உதடு அசைந்தது. ஆகஸ்டுக்கு வந்தாள் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் உதடு அங்கே நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அவர் லாக்டோஸுக்கு வந்திருந்தார். அம்மாவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. ஹம்சா அந்த வரியை உரக்க வாசிக்கவில்லை. கட்டை விரலால் ஒரே இழுப்பில் அத்தனையையும் அழித்தாள். அவள் அம்மாவுக்குக் கடைசியாகச் செய்த உபகாரம் அது.

ட்ரிட்டா ரொட்டியும் அத்திப்பழப் பாகும் கொண்டுவந்தாள். ஹம்சா ஆப்பில் தமிழை எடுத்துவிட்டு ஆங்கிலத்தை வைத்தாள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அத்தி, சர்க்கரை, எலுமிச்சை, வேறு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. ஹம்சா சாப்பிட்டாள்.

இன்னும் நாலு நாள் இருந்தது. டிக்கெட்டை மாற்ற முடியாது, ஆகவே சுற்றிப் பார்த்தோம். கோட்டை, தேவாலயம், பாலம். குடும்பப் படங்களில் நால்வரும் சிரிக்கிறோம். ஹம்சா யாரையும் திட்டவில்லை. சாலையோரக் கடைக்காரன், பஸ் நிலையத்துப் பெட்டிக்கடைப் பெண், முன்பின் தெரியாத யார் எதைத் தந்தாலும் என்ன இருக்கிறது என்று கேட்டாள், சொன்னதை நம்பினாள், சாப்பிட்டாள். அம்மா நீட்டிய டப்பாவுக்கு மட்டும், "ஐம் குட், அம்மா" என்றாள், வெளியாளிடம் சொல்கிற மரியாதையோடு. அக்கா ஒவ்வொரு வேளையும் நீட்டினாள். ஒருமுறை பெட்டியிலிருந்த எல்லாப் பொடியையும் குப்பையில் கொட்டப் போனவளை நான்தான் தடுத்தேன். எதற்குத் தடுத்தேன் என்று தெரியவில்லை. நெவார்க்கில் கஸ்டம்ஸ் அதிகாரி, சாப்பாடு ஏதாவது இருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டான். இல்லை என்று சொல்லத்தான் அத்திம்பேர் முப்பது வருடமாக எங்களைப் பழக்கியிருக்கிறார். அக்கா பெட்டியைத் திறந்தாள். "பொடி. நெய்யில் வறுத்தது," என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து வைத்தாள். "இதுவும் நெய். இதுவும் நெய்." அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே போகச் சொன்னான்.

வராந்தாவில் எடுத்த அந்த வீடியோவின் முதல் பதினோரு நொடிகளை மட்டும் வெட்டி எடுத்து, "ஆறு வருஷமா" என்பதோடு நிறுத்தி, அத்திம்பேர் தமிழ்ப் பள்ளி வாட்ஸப் குரூப்பில் போட்டார். அறுபத்தொரு இதயங்கள். "வாழ்த்துக்கள் சார், இதுவல்லவோ வளர்ப்பு" என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

ஆகஸ்டில் ஹம்சா போனாள். வராதே என்று அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. வா என்றும் மறுபடி சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. ஜூன் முடிவதற்குள்ளேயே லைப்ரரிக்குப் போய், நின்றுகொள்வதாக எழுதிக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். லைப்ரரிக்காரர்களுக்குச் சந்தோஷம். அத்திம்பேருக்கு அவள் எழுதிக் கொடுத்ததும் தெரியாது, திரும்ப வாங்கியதும் தெரியாது. டப்ளின் வீட்டுப் படங்களை ஹம்சா எனக்கு அனுப்பியிருந்தாள். இரண்டாவது அறையில் ஒரு சைக்கிள் நின்றது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, அக்கா வேலை பார்க்கும் அதே லைப்ரரியின் கம்யூனிட்டி ஹாலில், "பெராட்டில் ஒரு வீகன் குடும்பம்" என்ற தலைப்பில் அத்திம்பேர் பிரசன்டேஷன் தந்தார். நாற்பத்திரண்டு ஸ்லைடு. லாமினேட் அட்டை, எண்ணெய் டின், உப்பில்லாச் சோறு. முப்பத்தெட்டாவது ஸ்லைடில் ட்ரிட்டாவின் அடுப்படி. "ஹானஸ்டி! இந்த அம்மாகிட்ட நாம கத்துக்க வேண்டியது அதுதான்" என்று அத்திம்பேர் சொன்னபோது கைதட்டினார்கள். அக்கா கடைசி வரிசையில், டிபன் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் தட்டவில்லை, ஒரு கையில் கரண்டி இருந்தது. வீகன் கூட்டமாயிற்றே என்று கேசரியைத் தேங்காய் எண்ணெயில் கிளறிக் கொண்டுவந்திருந்தாள். ஒரு சொட்டு நெய் இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். யாரும் இரண்டாவது தடவை வாங்கவில்லை.